மூன்றாவது ஏரியில் நிறுத்தாமல் விட்ட மோட்டார்

1

"ஆகஸ்ட் 16, சனி. காலை 6.52 ரயில். மலையடி நிலையம் 8.05. கம்பிவண்டி 8.20. நடை தொடக்கம் 8.41. முதல் ஏரி 9.30. இரண்டாவது 10.50. மூன்றாவது 12.15, சாப்பாடு. நான்காவது 2.40. ஐந்தாவது 4.05. கீழே இறங்கியது 5.30. நாள் முழுதும் வெயில். யாழினிக்கு இடது குதிகாலில் கொப்புளம். மோட்டார்:"

என் நாட்குறிப்பில் உள்ளதை எழுத்து மாறாமல் மேலே கொடுத்திருக்கிறேன். கடைசிச் சொல்லுக்கு எதிரே ஒன்றும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாகச் சுவிட்சர்லாந்தில் இருக்கிறேன். ஒரு மருந்துக் கிடங்கில் வெப்பநிலைப் பதிவேடு பார்ப்பது என் வேலை. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது ஏன் காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே விதி. என் சொந்த நாட்குறிப்பில் அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கக்கூடியவர்களில் இருவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

2

எங்கள் ஊர் ஒரத்தநாட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அப்பா வழியில் எனக்கு வந்தது ஏழு மா நிலம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், மூன்று மா சேர்ந்தால் ஓர் ஏக்கர். பட்டா என் பெயரில் இருக்கிறது. பயிர் வைப்பது செல்வம். அவன் என் தாய்மாமன் மகன், என் வயதுக்காரன். பள்ளியில் ஒரே பெஞ்சு.

ஆற்றுத் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வரும்போது வரும். அதனால் ஒரு போர் போட்டிருக்கிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்த மோட்டாருக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அதற்குள் ஒரு சிம் கார்டு உண்டு. அந்த எண்ணை அழைத்து ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும், மூன்றை அழுத்தினால் இப்போது ஓடுகிறதா இல்லையா என்று சொல்லும். பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல், நல்ல திருத்தமான தமிழில், "மோட்டார் ஓடுகிறது" என்னும். தினமும் மதிய உணவு இடைவேளையில் கிடங்கின் பின்புறம் நின்று அந்தக் குரலைக் கேட்பேன். வேலை நாளில் எனக்குக் கிடைக்கும் ஒரே தமிழ் அதுதான். கேட்ட நேரத்தை நாட்குறிப்பில் குறித்துக்கொள்வேன்.

பெட்டியில் இரண்டு எண்கள்தான் பதிவாகியிருந்தன. ஒன்று செல்வத்தினுடையது, மற்றது என்னுடையது. ஆரம்பத்தில் நானே போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். இரண்டு கோடைக்கு முன்பு செல்வம் பைப் இணைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் இங்கிருந்து ஒன்றை அழுத்திவிட்டேன். பைப் எகிறி அவன் தோளில் அடித்தது. ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

"ஒனக்கு வேணும்னா அங்க ஒரு பொம்மை மோட்டாரு வாங்கிக்க மச்சான்," என்றான். "இது ஓடுற மோட்டாரு. இங்க ஆள் நிக்கிறான்."

அவனைக் கேட்காமல் இனிப் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். "அப்ப ஒன் நம்பரை எடுத்துடவா?" என்று கேட்டான். வேண்டாம், மூன்றை மட்டும் அழுத்திக்கொள்கிறேன் என்றேன். நம்பினான்.

எங்கள் வயலுக்குக் கிழக்கே, ஓர் அடி தாழ்வில், வசந்தாவின் மூன்று மா இருக்கிறது. வசந்தாவின் அப்பாவும் அம்மாவும் எங்கள் வயல்களில் கூலிக்கு நட்டவர்கள். வசந்தா திருப்பூரில் பத்து வருடம் தைத்து, அந்த மூன்று மாவை எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறார், பாதி வருடம் வெளியூர். பயிர் முழுக்க வசந்தாவின் பொறுப்பு. போன வருடம் பொது வரப்பைச் செல்வம் தன் பக்கம் செதுக்கிவிட்டான் என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சண்டையின் தேதிகூட என்னிடம் இருக்கிறது. அதைத் தீர்த்து வைக்க நான் எதுவும் செய்ததாக ஒரு குறிப்பும் இல்லை.

3

இனி அந்த மலைநடை. அது என் விருப்பத்தில் நடந்தது அல்ல. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் படிவம் வாங்கி வைத்திருந்தேன். விண்ணப்பித்தால் பிறகு ஊராட்சியில் ஒரு நேர்காணல் உண்டு. ஏற்கெனவே போய்வந்த நண்பர் ஒருவர், மலையில் நடந்திருக்கிறீர்களா, எந்த ஏரி பிடிக்கும் என்றெல்லாம் தன்னிடம் கேட்டதாகச் சொன்னார். இதை வீட்டில் சொன்னபோது என் மகள் யாழினி சிரித்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது.

"பத்தொன்பது வருஷமா மலையை ரயில் ஜன்னல்லதான் பாத்திருக்கீங்கப்பா. இதைச் சொன்னீங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

அவளே ஐந்து ஏரி தாண்டும் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தாள். பத்தொன்பது கிலோமீட்டர். என் மனைவி மல்லிகாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. பன்னிரண்டு வயதுக்குப் பிறகு யாழினி என்னை எங்கும் கூப்பிட்டதாக என் குறிப்பேடுகளில் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு நாள் முழுக்க போன் எடுக்கக் கூடாது. படம்கூட நான் எடுத்துக்கறேன்."

சரி என்றேன். அதுவும் ஒரு வாக்கு.

வெள்ளிக்கிழமை செல்வம் ஒரு படம் அனுப்பியிருந்தான். குறுவைப் பயிர் கரும்பச்சையாக இருந்தது, ஆனால் பயிரடியில் தண்ணீர் மினுங்கவில்லை. மறுநாள் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குக் கும்பகோணம் போகிறேன், சாயந்திரம்தான் வருவேன் என்றும் எழுதியிருந்தான். சனிக்கிழமை காலை கம்பிவண்டி, அதாவது கேபிள் கார், நிலையத்தில் யாழினி பயணச்சீட்டு வாங்க வரிசையில் நின்றாள். நான் ஓரமாகப் போய் அந்த எண்ணை அழைத்தேன். பயிர் காய்கிறது, அவன் ஊரில் இல்லை, இரண்டு மணி நேரம் ஓடட்டும், ஏதாவது சாக்குச் சொல்லிப் பத்து மணிக்கு நிறுத்திவிடலாம் என்று கணக்கு. ஒன்றை அழுத்தினேன். இங்கே 8.12. ஊரில் 11.42. "மோட்டார் ஓடுகிறது" என்றது குரல். மனம் குளிர்ந்துபோய்க் கம்பிவண்டியில் ஏறினேன். அதை மறைக்க விரும்பவில்லை.

4

மலைப்பாதையில் எதிரே வருகிறவர்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது இந்த ஊர் வழக்கம். நகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் பார்க்கமாட்டார், இரண்டாயிரம் மீட்டர் ஏறிவிட்டால் எல்லோரும் உறவு. நானும் சொன்னேன். பத்துப் பேரைத் தாண்டிய பிறகு யாழினி நின்றாள்.

"அப்பா, நீங்க சொல்றது 'எல்லாருக்கும் வணக்கம்'. ஒத்தை ஆளா வர்ற தாத்தாகிட்ட அதைச் சொல்றீங்க. அவர் பின்னாடி திரும்பிப் பாக்கறார், வேற யாரு வர்றாங்கன்னு."

பத்தொன்பது வருடமாகக் கிடங்கில் என் மேலாளரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். யாரும் திருத்தவில்லை.

முதல் ஏரி அசையவே இல்லை. மலை முழுதும் தலைகீழாக அதற்குள் கிடந்தது. நான் என்ன பார்த்தேன் என்றால், அதன் பரப்பு எத்தனை மா இருக்கும் என்று. கரையை அடியெண்ணி நடந்து, தோராயமாக நாற்பது மா என்று சொன்னேன். யாழினி "மான்னா என்ன?" என்று கேட்டாள். விளக்கினேன். "அதுல மீன் இருக்கான்னு பாருங்கப்பா முதல்ல" என்றாள்.

இரண்டாவது ஏரி பால் கலந்த பச்சை. பனிப்பாறை அரைத்த மண் கரைந்து வருவதால் அந்த நிறம் என்று பலகையில் எழுதியிருந்தது. அங்கே 10.50. நான் நிறுத்த நினைத்த நேரம் ஐம்பது நிமிடம் தாண்டிவிட்டது. சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிப் பாறைக்குப் பின்னால் போய்ப் போனைப் பார்த்தேன். சிக்னல் இல்லை. அடுத்த மேட்டிலும் இல்லை. பெரிய கவலை வந்ததா என்றால், இல்லை. கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வயல்களின் வரைபடம் அளவோடு என்னிடம் இருக்கிறது. அன்று எந்த மடை திறந்திருந்தது, எது அடைத்திருந்தது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை.

மூன்றாவது ஏரிக்கரையில் உட்கார்ந்து மல்லிகா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம். யாழினி கால்களைத் தண்ணீரில் விட்டு, "ஐயோ ஐஸ்" என்று இழுத்துக்கொண்டாள். நான் பையில் துண்டைத் தேடுவதுபோலப் போனை எடுத்தேன். ஒரு கோடு சிக்னல் இருந்தது. அதை எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதுகிறேன். ஒரு கோடு இருந்தது, நேரம் 12.15. இரண்டை அழுத்த அரை நிமிடம் போதும்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் யாழினி. "அம்மாகிட்ட இன்னும் சொல்லலை."

நான் போனைப் பையில் வைத்தேன்.

செப்டம்பரிலிருந்து வேறு நகரத்துக்குப் போகிறாள். பல்கலைக்கழகம் வேண்டாம், மரவேலை பழகப் போகிறாள், இடம் கிடைத்துவிட்டது, தோழியோடு சேர்ந்து அறையும் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சொல்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு வருடத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நேரம் பேசியதில்லை. பாதி தமிழில், பாதி இந்த ஊர்ப் பேச்சில், ஒரு மணி நேரம் பேசினாள். எந்த மரம் எப்படி வளையும் என்றுகூடச் சொன்னாள். பிறகு எழுந்து நடந்தோம். நான்காவது ஏரிக்குப் போகும் பாதை வடக்குச் சரிவில். அங்கே மறுபடி சிக்னல் இல்லை. ஐந்தாவது ஏரியின் நிறத்தை நான் எழுதி வைக்கவில்லை. நினைவிலும் இல்லை.

கம்பிவண்டியில் இறங்கும்போது போன் துடித்தது. ஊர் நேரத்தோடு இரண்டு செய்திகள். எந்த எண்ணிலிருந்து போட்டதோ அந்த எண்ணுக்கு மட்டும்தான் பெட்டி செய்தி அனுப்பும். 11.42க்கு மோட்டார் இயக்கப்பட்டது. 6.35க்கு மோட்டார் நிறுத்தப்பட்டது. செல்வம் வந்து நிறுத்தியிருக்கிறான். ரயிலில் யாழினி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். விழித்தால் பார்த்துவிடுவாள் என்று அந்த இரண்டு செய்திகளையும், நான் அழைத்த எண்ணின் பதிவையும் அழித்தேன்.

5

மறுநாள் ஞாயிறு. காலைச் சாப்பாட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். செல்வம் அழைத்தான்.

"மச்சான், நேத்து நீ எதும் மோட்டாரு போட்டியா?"

யாழினி எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்லையே. மலைக்குல்ல போயிருந்தேன். போனே எடுக்கலை."

"அதான பாத்தேன். மலையில ஏறுனவன் மோட்டாரை எங்க நெனைக்கப் போறான்." பிறகு தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான். "அப்ப நான்தான் மோட்டாரு சுவிட்சை ஆட்டோவுல விட்டுட்டுப் போயிருக்கேன். கரண்டு வந்ததும் தன்னால ஓடியிருக்கு. ஆனா அமத்திட்டுப் போன மாதிரிதான் மச்சான் ஞாபகம் இருக்கு."

நடந்ததைச் சொன்னான். வெள்ளிக்கிழமை மாலை பயிருக்கு மேலுரம் போட்டிருக்கிறான். உரம் போட்டால் மடைகளையெல்லாம் சேறு வைத்து அடைத்துவிடுவது வழக்கம். இல்லையென்றால் உரம் கரைந்து அடுத்தவன் வயலுக்குப் போகும். எங்கள் வயலில் இறங்கிய எவருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், பதினைந்து வயதில் நானே அடைத்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத அந்தப் படம் உரம் போடுவதற்காக வடித்த வயலின் படம். நான் அதைக் காய்ந்த வயல் என்று படித்தேன்.

மடைகள் அடைத்திருந்ததால் தண்ணீர் பயிருக்குப் போகாமல் வாய்க்கால் முனையில் பயிர் வைக்காமல் கிடந்த ஒரு மா நிலத்தில் விழுந்தது. அது நிரம்பியதும் கிழக்கு வரப்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. கீழே வசந்தாவின் சம்பா நாற்றங்கால். முளைகட்டிய விதையை விட்டு இரண்டாவது நாள். அந்த நாட்களில் சேறு ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் நின்றால் விதை அழுகும், ஓடினால் விதை மிதந்து போகும். ஓடி, பிறகு நின்றிருக்கிறது. விதையெல்லாம் ஒரு மூலையில் போய்க் குவிந்துவிட்டது.

"வசந்தா என்ன சொன்னுச்சு?"

"என்ன சொல்லும். மடையெல்லாம் அடைச்சு வச்சு, மோட்டாரை என் பக்கம் திருப்பிட்டுக் கும்மோணம் போயி உக்காந்துகிட்டாருன்னு நடுத்தெருவுல சொல்லுது. வரப்புச் சண்டைக்குப் பழி வாங்கிட்டேனாம். பாக்குறவனுக்கு அப்படித்தானே மச்சான் தெரியும்? நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் வேறொன்று கேட்டேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வரப்பைத் தாண்டியது? கேட்காமல் இருக்க முடியவில்லை, என் புத்தி அப்படி. ஆடு ஓட்டிப் போனவர் ஒருவர் நாலு மணிக்குப் பார்த்தபோது தாண்டவில்லையாம், நாலேகால் வாக்கில் கசிய ஆரம்பித்ததாம் என்றான் செல்வம்.

ஊரில் நாலேகால் என்றால் இங்கே 12.45. மூன்றாவது ஏரிக்கரையில் நான் போனைப் பையில் வைத்து அரை மணி நேரம் கழித்து.

6

அடுத்த பதினோரு நாட்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அந்த நாட்களின் குறிப்புகள் இப்போதும் படிக்க முடிகிற தெளிவான கையெழுத்தில் இருக்கின்றன. வானிலை, ரயில் தாமதம், மல்லிகாவுக்குக் கண்ணாடி மாற்றியது. மகள் போவது தெரிந்து மல்லிகா இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் இருக்கிறது.

20ஆம் தேதி குடியுரிமைப் படிவத்தை நிரப்பினேன். பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில், மேலே சொன்னவை அனைத்தும் உண்மை, எதையும் மறைக்கவில்லை என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. அந்தப் படிவத்தில் எழுதியது எல்லாம் உண்மைதான். பேனாவை வைத்துவிட்டுப் போய் ஒரு டீ போட்டுக் குடித்து வந்துதான் கையெழுத்திட்டேன்.

25ஆம் தேதி செல்வம் அழைத்தான். கரகரப்பாகப் பேசினான்.

"வசந்தாவுக்குத் திருப்பி விட விதை இல்லை மச்சான். தேடி வாங்கி இனிமே விட்டாலும், நடவு தள்ளிப்போயி ஐப்பசி மழையில முங்கிடும். பள்ளத்து வயலு. என் மேட்டு நாத்தங்கால்ல நாத்து மிச்சம் இருக்கு. மூணு மாவுக்குத் தாராளமா வரும். எடுத்துக்கச் சொல்லி ஆள் விட்டேன்."

நாற்று மிஞ்சினால் இல்லாதவருக்குக் கொடுப்பதும், கேட்டால் மறுக்காமல் இருப்பதும் எங்கள் பக்கம் சாதாரண விஷயம். அதற்கு யாரும் விலை வைப்பதில்லை.

"வாங்கிக்கிட்டுதா?"

"நாத்தைக் கொன்னவன் கையால நாத்து வாங்கி நட்டா வயலு வெளங்காதுன்னு சொல்லி அனுப்பிடுச்சு. அது ரோஷக்காரி, நடாம போட்டாலும் போடும்." அதோடு, "வேணும்னு செஞ்சிருந்தாக்கூட ஒரு திருப்தியாவது இருந்திருக்கும்," என்று சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு வேற பயம் மச்சான். எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அமத்துனேனா இல்லையான்னு. அறுபதுல என்னையே யாருன்னு கேட்டாரு. நேத்து தஞ்சாவூர் போயி ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்தேன். எழுதிப் பாருன்னு என்னென்னவோ எழுதச் சொல்றாரு."

அவன் அப்பா, என் மாமா, கடைசி இரண்டு வருடம் எப்படி இருந்தார் என்பதை நான் அறிவேன். போனை வைத்துவிட்டு, நாளை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஒருவன் தன் தலையைச் சந்தேகித்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ஒரு பெண் மூன்று மா நிலத்தைத் தரிசாகப் போடப் போகிறாள், இரண்டையும் தீர்க்க ஒரு வாக்கியம் போதும் என்று தெரிந்தும் நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

7

ஆகஸ்ட் 28, வியாழன். காலை ஏழு மணிக்கு, ஊரில் பத்தரை, முதலில் வசந்தாவை அழைத்தேன். நாற்று வாங்க வேண்டியவர் அவர். யாழினி பக்கத்து அறையில் அட்டைப்பெட்டிகளில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது.

"வசந்தா, நான்தான் பேசறேன், சுவிஸ்லேருந்து."

"சொல்லுங்கண்ணே. நல்லாருக்கீங்களா. என்ன காலங்காத்தால?"

"அன்னைக்கு மோட்டாரைப் போட்டது செல்வம் இல்லை. நான். இங்கேருந்து போன்ல போட்டேன். நிறுத்தாம விட்டுட்டேன். அவன் உரம் போட்டு மடையை அடைச்சிருந்தது எனக்குத் தெரியாது. ஒங்க நாத்தங்கால் போனது என்னாலதான்."

அவர் பக்கம் எங்கோ ஒரு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"செல்வம் அண்ணன் பேசச் சொன்னாரா?" என்றார் வசந்தா.

"இல்லைங்க. அவனுக்கே இன்னும் தெரியாது."

"பன்னெண்டு நாளு கழிச்சு ஒங்களுக்கு ஞாபகம் வந்துச்சாக்கும்." குரலில் கோபம்கூட இல்லை. "மச்சானும் மச்சானும் பேசிக்கிட்டீங்க. ஒங்களைத் திட்டவும் முடியாது, புடிக்கவும் முடியாது, வெளிநாட்டுல இருக்கீங்க. பழிய அங்க தூக்கி வச்சிட்டா இங்க அவரு நல்லவராயிடுவாரு. நான் கெட்டவளாயிடுவேன், நாத்து வேணாம்னு சொன்னதுக்கு. அப்படித்தானே?"

"சத்தியமா நான்தாங்க போட்டேன்."

"போட்டா மெசேஜ் வரும்ல? எங்க வீட்டுக்காரரு ஓட்டுற மெஷின்காரங்க மோட்டாரும் அப்படித்தான், போட்டா மெசேஜ் வரும். அதை அனுப்புங்க பாப்போம்."

தினமும் நேரம் குறிப்பவன், பேருந்துச் சீட்டைக்கூடத் தேதி எழுதி வைத்திருப்பவன், என்னிடம் அது இல்லை என்றேன். அழித்துவிட்டேன் என்றேன். சொல்லும்போதே எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே கேட்டது.

"சரிண்ணே. வேலை கெடக்கு, வைக்கிறேன்."

அப்போது யாழினி அறையிலிருந்து வந்தாள். என் கையிலிருந்த போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அத்தை, நான் யாழினி. அப்பா பொய் சொல்லலை. அன்னைக்கு டிக்கெட் எடுத்துட்டு வந்தேன், அப்பா பின்னாடி நின்னேன். ஒரு அம்மா குரல் வந்துச்சு. மோட்டார் ஓடுகிறது, அப்படின்னு. நான் கேட்டேன்."

"யாரு, பாப்பாவா?" என்றார் வசந்தா. பிறகு, "கேட்டேன்னு சொல்றியே, அப்ப அன்னைக்கே ஏன் பாப்பா சொல்லலை? இங்க ஒரு ஊரே ரெண்டா நிக்கிது."

யாழினி யோசித்தாள். அவளுக்குத் தமிழில் யோசிக்க நேரம் வேண்டும்.

"எனக்கு நீங்க இருக்கீங்கன்னு தெரியாது அத்தை," என்றாள்.

"படிக்கிறியா பாப்பா?" என்று கேட்டார் வசந்தா. மரவேலை என்றாள். "நல்ல வேலைதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நம்பினாரா இல்லையா என்று சொல்லவில்லை.

யாழினி போனைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "மூணாவது ஏரியில போன் எடுத்தீங்கல்ல? மோட்டாரை நிறுத்தத்தான்னு நினைச்சேன். உங்க விளையாட்டுதானேன்னு நினைச்சேன்பா. அதான் உடனே பேச ஆரம்பிச்சேன். சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அந்த அரை மணி நேரக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை. இதை அவள் படிக்கமாட்டாள். தமிழ் எழுத்து நான்காம் வகுப்போடு நின்றுவிட்டது, அதை நானும் விட்டுவிட்டேன். ஒருவேளை யாராவது படித்துக் காட்டினால், அவள் மேல் தவறில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். போன் என் கையில்தான் இருந்தது.

பிறகு செல்வத்தை அழைத்தேன். முழுவதும் கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப எனக்கு மறதி இல்லை," என்றான்.

"இல்லைடா."

"பன்னெண்டு நாளு மச்சான். காலையில எந்திரிச்சதும் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிப் பாத்துக்குவேன்." போனை வைத்துவிட்டான்.

மறுநாள் மதியம் கிடங்கின் பின்புறம் நின்று பழக்கத்தில் அந்த எண்ணை அழைத்தேன். அதே பெண் குரல், அதே திருத்தமான தமிழில், "இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை" என்றது.

8

செப்டம்பர் 14 மாலை செல்வம் அறுபது கட்டு நாற்றுப் பறித்து, பொது வரப்பில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறான். வசந்தாவிடம் சொல்லவும் இல்லை, ஆள் விடவும் இல்லை. காலையில் பார்த்தபோது வரப்பு காலி. அதே நாள் முத்துப்பேட்டைப் பக்கம் இருக்கும் வசந்தாவின் தம்பி ஒரு சின்ன வண்டி நிறைய நாற்று கொண்டுவந்து இறக்கியதாகவும் ஊரில் பேச்சு. 17ஆம் தேதி மூன்று மாவும் நடவாகிவிட்டது. வரப்பில் வைத்த கட்டுகளை வசந்தா எடுத்தாரா, வேறு யாராவது தூக்கிப் போனார்களா என்று செல்வம் கேட்கவில்லை. "அதைப் போயி கேக்குறதா மச்சான்," என்றான். இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. நடவன்று செல்வம் கிழக்கு வரப்பில் போனபோது வசந்தா நிமிர்ந்து பார்த்ததாகவும், எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்றும் சொன்னான். அதற்கு மேல் அதில் எதையும் சேர்க்க எனக்கு உரிமையில்லை.

செல்வம் விட்டது ஒரு ரகம், வசந்தாவின் தம்பி வைப்பது வேறு ரகம். இலையில் வித்தியாசம் தெரியாது என்கிறான், கதிர் வெளியே வந்தால்தான் தெரியும். போன வாரம் அவன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயிர் பிடித்துவிட்டது, பச்சையாக இருக்கிறது. எனக்கு அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. வசந்தாவை அழைத்துக் கேட்கலாம். கேட்கவில்லை. நான் ஆசைப்படும் பதிலையே அவர் சொன்னாலும், அது எனக்காகச் சொன்னதாக இருக்கும்.

இதை எழுதும் அக்டோபர் 26 வரை, வசந்தாவின் வயலில் நிற்பது செல்வத்தின் நாற்றா, தம்பியின் நாற்றா என்பது உறுதிப்படவில்லை.